உப்பனாற்றுச் சேற்றில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் அளக்கும் முறை

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடி, முதுநகர்ப் பக்கம் கடலில் கலக்கிறது உப்பனாறு. அதன் சேற்றை ஐசிபி-எம்எஸ் கருவியில் (மாதிரியைச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறை வாரியாக எண்ணும் கருவி) வைப்பவர்கள் முதலில் உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாகக் காட்டக்கூடியது அந்த உப்புதான்.

கடல்நீர் வற்றும் நேரத்தில், மேல் 5 செ.மீ. சேற்றை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். இரும்பு மண்வெட்டி வேண்டாம். படகு பழுது பார்க்கும் இடத்துக்கு அருகில் எடுத்தால் அடிப்பாகத்துப் பெயின்ட்டின் செம்பும் சேர்ந்து வரும். ஆற்றின் நிலையை அது சொல்லாது. பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள்.

மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்காதீர்கள், சாலைத் தூசி விழும். ஆய்வக உலர்த்தும் அடுப்பில் (oven) 60 டிகிரி செல்சியஸ் போதும். பாதரசமும் அளக்க வேண்டுமென்றால் அந்தப் பங்கைத் தனியே பிரித்து 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பாதரசம் ஆவியாகிவிடும். காய்ந்ததை 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்து, அகேட் என்ற கடினக் கல்லால் ஆன கல்வத்தில் அரையுங்கள். பித்தளைச் சல்லடை செம்பும் துத்தநாகமும் கொடுக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அரைத்த பொடி அதை மறுபடி இழுத்துக்கொள்ளும். எடை போடும் அன்றே வேறொரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி ஈரப்பதத்தைக் கழித்துவிட வேண்டும்.

கரைப்பதற்கு 0.5 கிராம் பொடி, 10 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம், டெஃப்லான் குடுவை. அமிலம் ஊற்றியதும் மூடாதீர்கள். சிப்பித் தூளும் மக்கிய செடியும் உள்ள சேறு பொங்கும். 15 நிமிடம் புகைக் கூண்டில் திறந்தே வைத்துவிட்டு மூடுங்கள். மைக்ரோவேவில் 175 டிகிரிக்கு ஏற்றி, மொத்தம் 10 நிமிடம். நன்றாக ஆறிய பிறகு திறந்து, 50 மி.லி.க்கு நிரப்பி, அதிலிருந்து 10 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று மாதிரி (சேறு இல்லாமல் அமிலம் மட்டும்), ஒரு இரட்டை மாதிரி (அதே சேறு இரண்டாம் முறை), உலோக அளவு சான்றளிக்கப்பட்ட கடல் வண்டல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி உப்பின் வேலை. பிளாஸ்மாவில் ஆர்கான் 40, குளோரின் 35 இரண்டும் ஒட்டிக்கொண்டால் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75 தான். அதனால்தான் இங்கே ராஜதிராவகத்தை (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) தவிர்த்தோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரினை மேலும் கூட்டும். சேற்றில் ஏற்கெனவே உள்ள உப்புக்கு கருவியின் ஹீலியம் மோதல் அறையைப் பயன்படுத்துங்கள்; ஒட்டிக்கொண்ட அயனிகள் ஹீலியத்தில் மோதி வேகமிழந்து வடிகட்டப்படும். சேற்றைக் கழுவி உப்பை நீக்கலாமே என்று தோன்றும். லேசாக ஒட்டியிருக்கும் உலோகமும் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆர்சனிக் சேர்க்காத சுத்தமான சோடியம் குளோரைடு கரைசலை, மாதிரியில் இருக்கும் அளவு உப்போடு ஓட்டிப் பாருங்கள். ஆர்சனிக் என்று கணிசமான எண் வந்தால் ஹீலியம் ஓட்டம் போதவில்லை.

உப்பு சிக்னலையும் அமுக்கும். ஆர்சனிக்குக்கு ஜெர்மானியம், ஈயத்துக்கு பிஸ்மத் என்று அக நியமங்களை (எல்லாக் கரைசலிலும் ஒரே தெரிந்த அளவில் சேர்க்கும் தனிமங்கள்) சேருங்கள். அவற்றின் மீட்பு, அதாவது சேர்த்த அளவில் கருவி காட்டும் பங்கு, 80 முதல் 120 சதவீதத்துக்கு வெளியே போனால் மேலும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

கணக்கு எளிது. கருவி லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் காட்டினால், 12 × 0.05 (லிட்டர்) × 10 (நீர்த்த மடங்கு) ÷ 0.5 (கிராம்) = கிலோவுக்கு 12 மி.கி. வெற்று மாதிரியை முதலில் கழிக்க மறக்காதீர்கள்.

சான்று வண்டலில் குரோமியம் மட்டும் குறைவாக வந்தால் உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். குரோமியம் அடங்கிய குரோமைட், சிலிகேட் கனிமங்கள் நைட்ரிக்கில் முழுதாகக் கரையாது. சான்றிதழில் இருப்பதோ பெரும்பாலும் மொத்த அளவு. மொத்தமே வேண்டுமென்றால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தேவை. அது கண்ணாடியை அரிக்கும், தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இல்லாமல் அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது.

அட்டவணையின் தலைப்பிலேயே '63 மைக்ரானுக்குக் கீழ், நைட்ரிக் கரைப்பு, 105 டிகிரி உலர் எடை' என்று எழுதுங்கள். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்று மணலை அப்படியே கரைத்து வந்த எண்ணோடு இதை யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடக் கூடாது. உலோகம் நுண்துகளில்தான் அதிகம் ஒட்டும்.