ஒரே கால்வாயில் நான்கு பாடங்கள்: சமூக அறிவியலைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வதுதான் சமூக அறிவியல் என்று நினைத்துப் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. புவியியல், வரலாறு, பொருளியல், குடிமையியல் நான்கும் ஒரே விஷயத்தைப் பார்த்துக் கேட்கும் நான்கு கேள்விகள். எகிப்தின் சூயஸ் கால்வாயை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். உலக வரைபடம், தாள், பென்சில் இருந்தால் போதும்.

படி 1: எங்கே, ஏன் அங்கே?

எப்போதும் வரைபடத்தில் தொடங்குங்கள். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் பிரிக்கும் குறுகிய நிலப்பகுதியைத் தேடுங்கள். இரு கடல்களுக்கு நடுவே இருந்து இரு பெரும் நிலங்களை இணைக்கும் இப்படிப்பட்ட பகுதிக்குப் பூசந்தி என்று பெயர். அதை வெட்டியதுதான் கால்வாய்; இன்று சுமார் 193 கி.மீ. நீளம். இப்போது லண்டனிலிருந்து அரபிக்கடலுக்கு இரண்டு கோடுகள் போடுங்கள்: ஒன்று கால்வாய் வழியாக, இன்னொன்று ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி. கால்வாய் வழியில் சுமார் 8,900 கி.மீ. மிச்சம். அடுத்த மூன்று படிகளுக்கும் இந்த இரண்டு கோடுகள்தான் ஆதாரம், தாளைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: எது எதனால் நடந்தது?

ஒரு நேர்கோடு வரைந்து 1869, 1882, 1956 என்று குறியுங்கள். கால்வாய் திறந்தது, பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது, எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. அப்புறம் ஒவ்வொரு ஆண்டுக்கும் கீழே "ஏன்?" என்று எழுதுங்கள். வரலாறு படிப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1956-க்கு ஒரு காரணம்: நைல் நதியில் கட்டவிருந்த அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பண உதவியை அமெரிக்காவும் பிரிட்டனும் விலக்கிக்கொண்டன. கால்வாய் வருமானத்தில் அணை கட்டுவேன் என்றார் நாசர். ஆனால் காரணம் ஒன்றோடு நின்றுவிடாது. அந்நிய ஆதிக்கத்தின் மீது எகிப்தியருக்கு இருந்த நெடுநாள் கோபத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

நாசரின் அன்றைய உரை முதன்மைச் சான்று. பின்னாளில் ஒருவர் அதை ஆராய்ந்து எழுதும் நூல் இரண்டாம் நிலைச் சான்று. எதைப் படித்தாலும் இது எந்த வகை, எழுதியவர் எந்தப் பக்கம் நின்றவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எதை விட்டு எதைப் பெறுகிறோம்?

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே சிக்கி, ஆறு நாட்கள் கால்வாயை அடைத்தது. பின்னால் நூற்றுக்கணக்கான கப்பல்கள். ஒரு கப்பல் முதலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். காத்திருந்தால் நாட்கள் போகும். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் எரிபொருளும் போகும், நாட்களும் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வழியின் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. கால்வாயைக் கடக்கக் கட்டணம் வாங்க முடிவதற்கும் காரணம், மாற்று வழி அவ்வளவு நீளமாக இருப்பதே. படி 1-இல் போட்ட கோடுகளைப் பாருங்கள், புரிந்துவிடும்.

படி 4: யார் முடிவு செய்யலாம்?

தன் எல்லைக்குள் முடிவெடுக்கும் உச்ச அதிகாரம் இறையாண்மை. கால்வாயை நாட்டுடைமை ஆக்கியபோது எகிப்து அதைத்தான் சொன்னது. அதே சமயம், போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்கிறது 1888 ஒப்பந்தம். சொந்தக்காரர் ஒருவர், விதி எல்லாருக்கும் பொது. 1956-இல் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் படையெடுத்தபோது, ஐ.நா. பாதுகாப்பு அவையில் பிரிட்டனும் பிரான்சும் தடுப்பதிகாரத்தை (வீட்டோ, அதாவது ஒரு தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் உரிமை) பயன்படுத்தின. அதனால் விஷயம் பொதுச் சபைக்குப் போய், அங்கிருந்து அமைதிப்படை உருவானது. அதிகாரம் எந்த அவையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரியும்.

படி 5: நீங்களே செய்யுங்கள்

சரி, இப்போது அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களை இணைக்கும் பனாமா கால்வாய். திறந்தது 1914, அமெரிக்கா பனாமாவிடம் முழுமையாக ஒப்படைத்தது 1999 டிசம்பர் 31. சூயஸில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் கிடையாது, இங்கே உண்டு. மதகுகளுக்கு நன்னீர் வேண்டும், அது காட்டூன் ஏரியிலிருந்து வருகிறது. மழை பொய்த்தால் எந்தெந்தப் படியில் என்னென்ன மாறும் என்று எழுதிப் பாருங்கள்.