மலையகத்திலிருந்து குடும்பத்தோடு ஸ்நோர்கலிங் செல்லத் திட்டமிடுவது எப்படி

வாயில் கவ்விய குழாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பதுதான் ஸ்நோர்கலிங். இதற்கு ஆழம் தேவையில்லை. அலை அடங்கிய, தெளிந்த, இடுப்பளவு தண்ணீரே போதும். ஆனால் அத்தகைய தண்ணீர் இலங்கையின் எல்லாக் கரைகளிலும் எல்லா மாதங்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும் முன், பிள்ளைகளின் விடுமுறை எந்த மாதத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது காலி, மாத்தறைக் கரைகள் கொந்தளிப்பாக இருக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகள் அமைதியாகக் கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. பாடசாலை விடுமுறை வழமைபோல் ஓகஸ்டில் வந்தால் கிழக்கு, டிசெம்பரில் வந்தால் தெற்கு என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் இரண்டு பக்கமும் ஓரளவு அமைதியாக இருக்கும், ஆனால் கரையெங்கும் கூட்டமும் இருக்கும். டிசெம்பரில் போகிறவர்கள் கடலை மட்டும் பார்த்தால் போதாது. அந்த மாதத்தில் நம் மலைப் பாதைகளில் மண்சரிவு அபாயம் உண்டு என்பதால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்போடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே வேனுக்கு முற்பணம் கொடுக்க வேண்டும்.

நீச்சல் தெரியாதவர்கள் உள்ள குடும்பம் முதன்முறையாகப் போவதானால், மாத்தறைக்கு அருகிலுள்ள பொல்ஹேனையைத்தான் நான் சொல்வேன். அங்கே கரைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பாறைத் தொடர் அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால், உட்பக்கம் குளம்போல் நிற்கிறது. ஹிக்கடுவையிலும் கரைக்கு அருகிலேயே பவளப்பாறை உண்டு. 1998 ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறி அங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளுத்து அழிந்தபோதிலும், மீன்களையும் ஆமைகளையும் இன்றும் காணலாம். கிழக்கே பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பிள்ளைகளின் தண்ணீர்ப் பயம் தெளிவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கரையோரம் மணல்தான் என்பதால், அங்கே வண்ண மீன் கூட்டங்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது. நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள புறாத்தீவு, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அழகில் அதுவே முதலிடம். எனினும் படகில் போய், நுழைவுக் கட்டணம் செலுத்தி, உடைந்த பவளத் துண்டுகள் நிறைந்த கரையில் இறங்க வேண்டியிருப்பதால், ஓரளவு நீந்தத் தெரிந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கே அது பொருந்தும்.

இரவெல்லாம் வேனில் போய், விடிந்ததும் கடலில் இறங்கி, அன்றிரவே திரும்பும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. கோயில் யாத்திரைக்கு அது சரிவரலாம், ஸ்நோர்கலிங்குக்குச் சரிவராது. எல்லயிலிருந்து வெல்லவாய இறக்கத்தில் வாந்தியெடுத்துச் சோர்ந்த பிள்ளை, காலையில் தண்ணீருக்குள் அமைதியாக மூச்சுவிடாது. தூங்காத சாரதி அதே வளைவுகளில் இரவில் ஏறி வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. முதல் நாள் பகலில் புறப்பட்டுக் கரையோரத்தில் ஓரிரவு தங்கும் செலவு, இந்தப் பயணத்தில் தவிர்க்கக் கூடாத செலவாகும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்கள் வெல்லவாய வழியாக இறங்கி, அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேகப் பாதையில் ஏறி மாத்தறையை அடையலாம். பாசிக்குடாவுக்குப் பதுளையிலிருந்து பிபிலை, செங்கலடி வழியுண்டு. அட்டன், தலவாக்கலையிலிருந்து தெற்கே போகிறவர்கள் அவிசாவளைக்கு இறங்கி, கடுவெலையில் அதிவேகப் பாதையைப் பிடிப்பது வசதி. திருகோணமலைக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் போகலாம்.

கருவிகளைக் கடற்கரையில் வாடகைக்கு எடுக்கலாம் என்றாலும், முகக்கண்ணாடியை மட்டுமாவது சொந்தமாக வாங்குவது நல்லது. சிறுவர்களின் முகத்துக்குப் பொருந்துவது அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நெற்றி முடி உள்ளே சிக்கினால் தண்ணீர் கசியும். மீசை வைத்திருக்கும் அப்பாமார் மீசையில் சிறிது வாசலின் தடவிக்கொண்டால் மீசையும் தப்பும், கண்ணாடியும் கசியாது. புதுக் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் ஓயாமல் பனிபடியும். முழு முகத்தையும் மூடும் வகையைச் சிறுவர்களுக்கு வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்: வெளிவிட்ட மூச்சு உள்ளேயே தங்க இடமுண்டு, அவசரத்தில் கழற்றுவதும் சிரமம். லைஃப் ஜெக்கட் ஒவ்வொருவருடைய எடைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

கருவி கைக்கு வந்ததும், பயணத்துக்கு முன்னரே வீட்டில் பயிற்சி தொடங்க வேண்டும். இதற்கு நீச்சல் தடாகம் தேவையில்லை. துணி ஊறவைக்கும் பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினால் போதும். நுவரெலியாக் குளிரில் பச்சைத் தண்ணீரில் முகத்தை வைக்கச் சொன்னால், பிள்ளை அன்றோடு ஸ்நோர்கலிங்கை வெறுத்துவிடும். கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, வாயால் ஆழமாகவும் நிதானமாகவும் மூச்சுவிடப் பழக்க வேண்டும். பின்னர் வேண்டுமென்றே குழாய்க்குள் தண்ணீர் புகவிட்டு, “தூ” என்று ஓங்கி ஊதி அதை வெளியேற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடலில் பெரும்பாலான பதற்றம் இந்த ஒரு வாய்த் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது என்பதால், இது பழகாத பிள்ளையைக் கரையோரத்தைத் தாண்டவிடக் கூடாது. ஓயாவிலோ நீர்வீழ்ச்சித் தடாகத்திலோ இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ள பெரியவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்ட பின்னரே இறங்கலாம்.

உடை விடயத்தில் வெட்கத்துக்கும் வெயிலுக்கும் ஒரே தீர்வுதான்: முழுக்கை டீசேர்ட்டும் இறுக்கமான நீளக் காற்சட்டையும். குளிருக்குப் பழகிய நமக்கு, முதுகு வெந்துபோவது மாலையில்தான் தெரியும். சுடிதாரின் துப்பட்டாவும் சேலையும் கைகால்களில் சுற்றிக்கொள்ளும் என்பதால் அவற்றோடு இறங்கவே கூடாது.

காலை ஏழு, எட்டு மணிக்குள் தண்ணீரில் இறங்கிவிட்டால் காற்று எழுவதற்கு முன் தெளிவான கடலைப் பார்க்கலாம். ரொட்டியும் சம்பலும் அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. சோற்று மூட்டையைப் பிறகு அவிழ்க்கலாம். மது அருந்தியவர் அன்று கடலில் இறங்குவதில்லை என்பதைப் புறப்படும் முன்னரே பேசி முடித்துவிட வேண்டும். இறங்குவதற்கு முன் சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்து, உயிர்காப்பாளரிடமோ மீனவரிடமோ எந்தப் பக்கம் நீர் இழுக்கிறது என்று விசாரிக்க வேண்டும். பாறைத் தொடரில் இடைவெளி உள்ள இடத்தில்தான், உள்ளே வந்த தண்ணீர் வெளியே பாய்கிறது. அங்கே போகக் கூடாது. இழுபட்டால் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக நகர வேண்டும். கிழக்குக் கரையில் ஓகஸ்ட் மாதத்துக்கென்று தனியான ஆபத்து ஒன்று உண்டு. அங்குள்ளவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கடல் கண்ணாடிபோல் தோன்றினாலும் காற்றடைத்த டியூப்பும் மெத்தையும் பிள்ளையோடு சேர்ந்து வெளியே போய்விடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவர வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் ஒருவர் போனைப் பார்க்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவருக்கும் நீச்சல் தெரியாதென்றால், அவரும் லைஃப் ஜெக்கட் அணிந்து, மார்பளவு மணல் தரையைத் தாண்டாமல் நிற்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லாரும் கரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டும். வெதுவெதுப்பான கடலிலும் சிறுவர்களுக்கு உதடு நடுங்கத் தொடங்கும். அப்போது துவாயும் பிளாஸ்கிலுள்ள பிளேன்டீயும் உதவும்.

பவளம் கல்லல்ல, உயிருள்ளது. அதன்மேல் நின்றால் அது உடையும், நம் காலும் கிழியும். அதை எடுத்துவருவது சட்டப்படி குற்றம். கறுப்பு முட்கள் நிறைந்த உருண்டை உயிரிகள் பாறை இடுக்குகளில் இருப்பதால் கையை அங்கே நுழைக்கக் கூடாது. புறாத்தீவில் தென்படும் கருமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப்போகும் இயல்புடையவை. துரத்தாமல் இருந்தால் போதும். ஆமைக்குத் தீனி கொடுப்பதும் தொடுவதும் வேண்டாம். யாருக்காவது மூச்சுத் திணறினாலோ, தண்ணீர் குடித்தவர் தொடர்ந்து இருமினாலோ, சரியாகிவிடும் என்று காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் கண்ணாடியையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுமையாக உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் போட்டு மூடினால், அடுத்த விடுமுறைக்குள் சிலிக்கன் ஓரமெங்கும் பூஞ்சணம் படர்ந்துவிடும். மழை நாளாக இருந்தால் அடுப்படியின் சூடு படும் மூலையில், நெருப்புக்குத் தள்ளித் தொங்கவிடலாம்.