வீட்டு ரவுட்டரைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்வது எப்படி?

இணையச் சேவை நிறுவனத்தின் பணியாளர் வந்து ரவுட்டரைப் பொருத்தி, கைப்பேசியில் இணையம் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சென்ற பிறகு, பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வங்கிக் கணக்கு, சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னிலக்க அடையாளம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வரவேற்பறைக் கேமரா என்று வீட்டின் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் அதன் வழியாகத்தான் செல்கிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூரின் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை இணைப்பு தடைப்பட்டது. வாடிக்கையாளர்களின் வீடுகளிலேயே இருந்த, தீநிரல் (மால்வேர்) தொற்றிய கருவிகள் அந்தத் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனம் அப்போது விளக்கியது. அதே ஆண்டில் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமலே கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்துத் தன்வசப்படுத்தியது. ஆகவே, கீழே உள்ள படிகளில் ஒன்றை மட்டும் செய்யத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், மூன்றாம் படியைச் செய்யுங்கள்.

படி 1: ரவுட்டருக்குச் சரியான இடம்

1998 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் காப்பறை இருக்கிறது. சில வீடுகளில் கண்ணாடியிழைக் கம்பி வந்து சேரும் சிறு பெட்டி அந்த அறைக்குள்ளேயோ அதன் அருகிலோ அமைந்திருப்பதால், ரவுட்டரும் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த அறையின் சுவர்கள் இரும்புக் கம்பிகள் நிறைந்த தடித்த கான்கிரீட்டால் ஆனவை. கதவோ கனமான எஃகு. வைஃபை அலைகள் இவற்றைக் கடந்து படுக்கையறைக்கு வந்து சேரும்போது பெரிதும் வலுவிழந்துவிடும். வேகம் போதவில்லை என்று கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதற்கு முன், நீளமான லேன் கம்பி ஒன்றை வாங்கி, ரவுட்டரை வரவேற்பறையின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து பாருங்கள். கம்பியைக் கதவோரமாக விடுவதே நல்லது. காப்பறைச் சுவரில் துளையிடுவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. தரையில் வைக்காமல் மேசை உயரத்தில் வையுங்கள். மீன் தொட்டி, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம்.

படி 2: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைதல்

ரவுட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வைஃபையின் பெயர், அதற்கான கடவுச்சொல், அமைப்புப் பக்கத்தின் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அந்த முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். தாள் கிழிந்துபோயிருந்தாலும் கவலை இல்லை. ஐஃபோனில் செட்டிங்ஸ் பகுதிக்குள் வைஃபையைத் திறந்து, உங்கள் வைஃபை பெயருக்கு அருகில் உள்ள வட்டமிட்ட குறியைத் தொட்டால், ரவுட்டர் என்ற வரியில் அந்த எண் தெரியும். விண்டோஸ் கணினியில் வைஃபை இணைப்பின் விவரங்களில் டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் அதைக் காணலாம்.

வீட்டு வைஃபையுடன் இணைந்த நிலையில், அந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் அப்படியே தட்டெழுதுங்கள். தேடல் பெட்டியில் எழுதினால் வேறு தளங்கள் வந்து குழப்பும். இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை தோன்றக்கூடும். உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ரவுட்டரின் பக்கம் என்பதால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அதைக் கடந்து செல்லலாம். வங்கியின் பக்கத்திலோ வேறு தளத்திலோ அதே எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறிவிடுங்கள். சில ரவுட்டர்களை அவற்றுக்குரிய கைப்பேசிச் செயலி மூலமாகவே அமைக்க வேண்டியிருக்கும். இனி வரும் படிகள் அங்கும் பொருந்தும்.

படி 3: நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால் பொறுமையாகப் படியுங்கள். ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. விருந்தினர் வந்தால் நாம் சொல்லும் வைஃபை கடவுச்சொல் ஒன்று. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் மற்றொன்று. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். இரண்டாவதோ, பழைய ரவுட்டர்களில் அட்மின் என்ற ஒரே சொல்லாகவே இருக்கும். அதை அறிந்த எவரும், அந்தப் பக்கத்தை எட்ட முடிந்தால், எல்லாவற்றையும் தம் விருப்பப்படி மாற்றிவிடலாம். உங்களைப் போலி வங்கித் தளத்துக்குத் திருப்பிவிடுவதும் அதில் அடங்கும்.

அட்மினிஸ்ட்ரேஷன் அல்லது சிஸ்டம் என்ற பிரிவைத் திறந்து, குறைந்தது 12 எழுத்துகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்ப்பது எளிய வழி. தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: முறுக்கு, படகு, ஆமை, ஜன்னல், மழை என்பது போன்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் நம் போக்கில் எழுதிக் கோத்தால், நமக்கு நினைவில் நிற்கும், பிறருக்கு ஊகிக்கக் கடினமாக இருக்கும். (இதே ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், புளோக் எண் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் குறிப்பேட்டை இணையத் திருடனால் படிக்க முடியாது. பெற்றோருக்காக அமைத்துக்கொடுக்கும்போது இந்தக் குறிப்பேடு மிகவும் அவசியம்.

படி 4: வைஃபையின் பெயர், கடவுச்சொல், குறியாக்கம்

வயர்லெஸ் பிரிவுக்குச் செல்லுங்கள். வைஃபையின் பெயரில் குடும்பப் பெயரோ வீட்டு எண்ணோ இருக்க வேண்டாம். அந்தப் பெயர் தாழ்வாரத்தில் நடந்து செல்பவரின் கைப்பேசியிலும் தெரியும். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்துக்கு டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவி ஏதேனும் இணைய மறுத்தால், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பு போதும். டபிள்யூஇபி (WEP) என்னும் பழைய குறியாக்க முறை மட்டுமே இருக்கிறது என்றால், அந்த ரவுட்டரின் காலம் முடிந்துவிட்டது. அந்த முறையை உடைக்கும் வழி 2001ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது.

கடவுச்சொல்லை மாற்றியவுடன் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் இணைப்பை இழக்கும். தொலைக்காட்சி, பிரின்டர், கேமரா, தரை துடைக்கும் இயந்திரம் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேருங்கள். விளக்கு, கேமரா போன்ற சிறு கருவிகளில் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். அது சுவர்களை நன்றாகக் கடக்கும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தொலைவு போகாது.

படி 5: புதுப்பித்தலும் தேவையற்றவற்றை அணைத்தலும்

ரவுட்டரை இயக்கும் மென்பொருளுக்கான ஃபர்ம்வேர் என்ற பிரிவில் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்குங்கள். வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க உதவும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை அணையுங்கள். பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் அணைத்துவிடலாம். அந்த எண்முறையின் பலவீனம் 2011 முதல் அறியப்பட்டது.

படி 6: விருந்தினர் வைஃபை

கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி, அதே ரவுட்டரில் தனியாக இன்னொரு வைஃபையை உருவாக்கித் தரும். அதில் இணைபவர்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் கணினியையும் பிரின்டரையும் எட்ட முடியாது. தீபாவளிக்கு வரும் உறவினர்களுக்கும், அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதையே கொடுங்கள். வீட்டுக் கேமராக்களையும் மலிவான மின்னணுக் கருவிகளையும் இதிலேயே சேர்த்துவிடுமாறு நான் வலியுறுத்துவேன். 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் இணையத்தில் பரவிய செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கேமராவின் சொந்தக் கடவுச்சொல்லையும் மறக்காமல் மாற்றுங்கள். வைஃபையைப் பிரித்து வைப்பது மட்டும் அதைக் காப்பாற்றாது.

புதிய ரவுட்டர் வாங்குவோருக்கு

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய, கருவிகளின் இணையப் பாதுகாப்பைக் காட்டும் முத்திரைத் திட்டத்தில் நான்கு நிலைகள் உள்ளன. இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாக வரவழைக்கும் பெட்டிக்கு அந்த முத்திரை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால், பெரும்பாலான கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும். ஆனால் அந்தக் கடவுச்சொல் வலுவானதாக இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யுங்கள்.

பழைய ரவுட்டரைக் கழிப்பதற்கு முன், அதை மின்சாரத்தில் இணைத்து, பின்புறம் உள்ள சிறு துளையில் காகித இடுக்கியின் முனையை விட்டு, விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வைஃபை விவரங்கள் அதிலிருந்து அழிந்துவிடும். பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் வைக்கப்பட்டிருக்கும் மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.