தளங்களைத் தேடிப் போகாமல் ஆர்எஸ்எஸ்ஸில் படிக்க

எனக்குப் பிடித்த தளங்களை நான் தினமும் போய்ப் பார்ப்பதில்லை. புதிதாக ஏதாவது வந்தால் ஆர்எஸ்எஸ் ரீடர் காட்டிவிடும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செயலி அது. ஃபீட்லி, இனோரீடர் என ஏதாவது ஒன்றில் கணக்குத் தொடங்கி, தளத்தின் முகவரியைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஃபீடை, அதாவது தளம் தன் புதிய பதிவுகளை ரீடருக்காக வெளியிடும் பட்டியலை, அதுவே கண்டுபிடித்துவிடும். ஆர்எஸ்எஸ்ஸைக் குறிக்கும் ஆரஞ்சு ஐகானைத் தேடி அலைய வேண்டாம், பல தளங்கள் அதை எடுத்தே விட்டன. கிடைக்கவில்லையா? வேர்ட்பிரஸ் தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ என்று தட்டிப் பாருங்கள். திரை முழுக்க எக்ஸ்எம்எல் குறியீடாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்த முகவரிதான் வேண்டும்.

செய்தித் தளங்களை முழுசாகச் சேர்த்தால் ஒரே நாளில் குவிந்துவிடும். பிரிவுவாரி ஃபீட் இருந்தால் அதை மட்டும் எடுங்கள்.

நீங்கள் சேர்த்த தளங்களின் பட்டியலை அவ்வப்போது ஓபிஎம்எல் கோப்பாக (வேறு ரீடரிலும் ஏற்றக்கூடிய வடிவம்) இறக்கி வையுங்கள். எந்த ரீடரும் ஒருநாள் நின்றுபோகலாம், கூகுள் ரீடரையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள்.