வீட்டுக் கழிவுநீர்க் குழாய்: அடைப்பை வரவழைக்கும் தவறுகள்

தெருவில் மேன்ஹோல் இருக்கிறது, வரியும் கட்டுகிறோம், அடைத்தால் உள்ளாட்சி ஆட்களே வந்து பார்ப்பார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தெருவில் ஓடும் பெரிய குழாய்தான் பொதுவாக உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டிலிருந்து அதுவரை போகும் இணைப்புக் குழாய் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அந்தப் பொறுப்பு சில ஊர்களில் காம்பவுண்டுச் சுவரோடு முடியும். சில ஊர்களில் சாலைக்கு அடியிலும் நீளும். உங்கள் ஊரில் எப்படி என்று இப்போதே கேட்டு வையுங்கள். கழிவுநீர் வீட்டுக்குள் ஏறிய பிறகு விசாரிக்கப் பொழுது இருக்காது. குழாய் போகும் வழியையும், சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்க உதவும் மூடி போட்ட தொட்டி) இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டவே ஒட்டாதீர்கள். அடைப்பெடுக்கத் தரையை உடைக்க வேண்டிவரும்.

எண்ணெயை சிங்கில் ஊற்றிவிட்டு வெந்நீர் விட்டால் கரைந்து போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். வெந்நீர் போகப்போக ஆறிவிடும். கொழுப்பு கொஞ்சம் தள்ளிப் போய், கை எட்டாத இடத்தில் உறைந்து குழாயின் சுவரில் படியும். அதில் உணவுத் துகள், முடி, சோப்புக் கசடு எல்லாம் ஒட்டும். எண்ணெயை ஆறவிட்டுப் புட்டியில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ் எதுவும் டாய்லெட்டுக்குள் போகக் கூடாது. ஃப்ளஷ் செய்யலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் வைப்ஸ் டாய்லெட் பேப்பர் போல எளிதில் பிரியாது.

ஒரே ஒரு சிங்கில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் கோளாறு அநேகமாக அங்கேதான். ஆனால் வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது டாய்லெட்டில் களகளவென்று சத்தம் வந்தாலோ, தரைத்தளக் குளியலறையில் தண்ணீர் மேலே வந்தாலோ, பிரதான குழாயே அடைபடுகிறது என்று பொருள். உடனே வீடு முழுக்கத் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்துங்கள். மாடியில் ஒருவர் குளித்தாலும் அந்தத் தண்ணீர் கீழே உள்ள வீட்டில்தான் பொங்கும்.

அந்த நேரத்தில் அடைப்பெடுக்கும் ரசாயனத்தை ஊற்றுவது இன்னொரு தவறு. குழாய்க்குள் புகுந்த மரவேரை அது கரைக்காது. தேங்கி நின்றால், அடைப்பெடுக்க வருபவரின் கையையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பில் வேர் புகுந்திருக்கிறதா, குழாய் தொய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்காதீர்கள். பெருமழையில் தெருக்குழாய் நிரம்பித் தாழ்வான வீடுகளுக்குள் எதிர்த்து வருவதற்கு இதுவும் காரணம். உங்கள் தரைத்தளம் தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு எதிர்த்து வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துவது நல்லது. அது மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியேறாது என்பதை மறக்க வேண்டாம்.

எந்த நிலையிலும் சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம். கம்பியோ, அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஜெட்டிங் இயந்திரமோ, வேலை வெளியிலிருந்துதான் நடக்க வேண்டும்.