மண்ணெண்ணெயில் ஓடிய சாளியும் பொப்பிசைக் கசெற்றும்

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி, வட இலங்கையின் வன்னிப் பகுதிச் செம்மண் ஒழுங்கைகளில் குடும்பத்தையே சுமந்த ஹொண்டா சாளி என்ற சிறிய மோட்டார் சைக்கிள் உங்கள் கொட்டிலில் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். எரிபொருள் தாங்கியைக் கழற்றித் துருவைக் கழுவிய பின், சிலிண்டர் தலையில் படிந்த கரியை, அலுமினியத்தில் கீறல் விழாதபடி, மரத்துண்டால் பொறுமையாகச் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாததால் படிந்த கரி அது. காபுரேற்றர் துளைகளைக் கம்பியால் குத்தினால் அவை பெருத்துவிடும் என்பதால், காற்றால் மட்டும் ஊதுங்கள். பிளக்கைப் புதிதாக மாற்றுவதே நல்லது.

சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக் கேட்ட பொப்பிசைக் கசெற்றுகள் எங்கள் இளமையின் குரல். அவற்றுக்கும் இதே அக்கறை வேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிடாதீர்கள். நல்ல நாடாவை ஒருமுறை முழுவதுமாகச் சுற்றித் தளர்த்தி, கசெற் கருவியில் நாடா உரசும் தலையை ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடைத்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்யுங்கள்.