ஒரு நாளைக்கு ஒரு போர்டு: விட்டுப்போகாத பழக்கத்துக்கு ஒரு காலண்டரும் இரண்டு சோழியும்

பெங்களூருவில் அல்சூரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கடையில் பேசும் அளவுக்குக் கன்னடம் வரும், படிக்க மட்டும் வராது. தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம் என்கிற வசதி அல்சூரில் உண்டு. அதுவேதான் இடைஞ்சலும். கன்னட எழுத்தைக் கற்க மூன்று தடவை உட்கார்ந்து, மூன்றாவது தடவைதான் நிலைத்தது. அப்போது செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அது நடைப்பயிற்சியாக இருக்கலாம், வீணைப் பயிற்சியாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

முதல் படி: வேலையைச் சுண்டக் காய்ச்சுங்கள்

முதல் தடவை 'தினமும் அரை மணி நேரம்' என்று வைத்துக்கொண்டேன். பதினொரு நாள் ஓடியது. மூன்றாவது தடவை 'ஒரு நாளைக்கு ஒரு போர்டு' என்று மாற்றினேன். பஸ், கடை, மெட்ரோ எதுவானாலும் ஒரே ஒரு பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் அன்றைய கணக்கு முடிந்தது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று, மழையில் நனைந்து, ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்தாலும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் இன்னும் சுருக்குங்கள்.

இரண்டாம் படி: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று வைத்தால் நேரம் கிடைக்காது. தினமும் எப்படியும் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பல் தேய்த்ததும், காபி டம்ளரைக் கழுவி வைத்ததும், இப்படி. எனக்கு அது காலையில் ரயிலுக்கு நிற்கிற மெட்ரோ நடைமேடை. அங்கே முதலில் படித்தது எங்கள் நிலையத்தின் பெயரையே. நாம் அல்சூர் என்போம், பலகையில் ஹலசூரு. ஹலசு என்றால் பலா. பால் ஹாலு ஆகிறது, பள்ளி ஹள்ளி ஆகிறது. நம்முடைய 'ப' பல சொற்களில் அங்கே 'ஹ'. அந்த ஒரு எழுத்து பிடிபட்டதும் மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி எல்லாம் தாமாகத் திறந்தன. அந்தச் சந்தோஷம் எந்த ஆப்பும் தராத பரிசு.

மூன்றாம் படி: கணக்கு கண்ணில் படட்டும்

தொடர்ந்து எத்தனை நாள் செய்தோம் என்கிற கணக்குக்குத்தான் ஸ்ட்ரீக் என்று பெயர். வாசலில் தினம் கோலம் போடுகிறவர்களுக்கும், மார்கழி முப்பது நாளும் நாளுக்கொரு திருப்பாவை பாடுகிறவர்களுக்கும் இது புதிதில்லை. பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டரை அடுப்படியில் மாட்டுங்கள், கயிற்றில் சிவப்புப் பேனாவைத் தொங்கவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய தேதியில் வட்டம். எங்கள் வீட்டில் ஏழு வயது மகள்தான் கண்காணிப்பு. "அப்பா, இன்னிக்குக் கட்டம் காலியா இருக்கு" என்று சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பாள்.

தொடங்கும்போதே இரண்டு வட்டம் போட்டுவிடுங்கள்: காலண்டர் மாட்டிய நாளுக்கு ஒன்று, பேனா கட்டிய நாளுக்கு ஒன்று. இது ஏமாற்று வேலை இல்லை. நூனஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவுமிடத்து வாடிக்கையாளர்கள் சிலருக்கு எட்டு முத்திரைக் கட்டமுள்ள அட்டையும், சிலருக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டு ஏற்கெனவே குத்திய அட்டையும் தந்தார்கள். இரண்டிலும் மீதி எட்டுதான். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம்.

நான்காம் படி: அறுந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவையுங்கள்

பெரும்பாலானவர்கள் விடுவது இங்கேதான். நானும் இங்கேதான் விட்டேன். இரண்டாவது தடவை ஒரு ஆப்பில் 43 நாள் சேர்த்திருந்தேன். சேலத்துக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது பாடத்தை முடித்துவிடலாம் என்று போனை எடுத்தால், தொப்பூர் மலைப்பாதையில் சிக்னல் இல்லை. மணி பன்னிரண்டு தாண்டியதும் திரையில் பூஜ்யம். பரமபதத்தில் பெரிய பாம்பு கொத்தின மாதிரி ஆகிவிட்டது. நாலு மாதம் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. அந்த 43 நாளில் கற்ற எழுத்துகள் என்னிடமே இருந்தன, போனது எண் மட்டும்தான். அது அன்றைக்கு உறைக்கவில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுப் பழக்கம் தன்னிச்சையாக வருவதற்கு ஆன நாட்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணித்துச் சொன்னவை. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே விதி இது. மாதம் பிறந்ததும் ஒரு டப்பியில் இரண்டு சோழி போடுங்கள். ஒரு நாள் முடியாமல் போனால் ஒரு சோழியை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் வட்டத்துக்குப் பதில் கோடு போடுங்கள். சங்கிலி அறுந்ததாக அர்த்தமில்லை. மொழி கற்கும் ஆப்பான டுவோலிங்கோவில் உள்ள ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் செய்வதும் இதைத்தான். சோழி இருந்தாலும் அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது. காலண்டரின் கீழ் ஓரத்தில் மொத்த நாள் கணக்கையும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஸ்ட்ரீக் பூஜ்யமாகலாம், மொத்தம் ஒருபோதும் குறையாது. போனில்தான் வேண்டும் என்றால் லூப் ஹேபிட் டிராக்கர் பாருங்கள், இலவசம். அதில் ஒரு நாள் விட்டால் மதிப்பெண் கொஞ்சம்தான் இறங்கும்.

ஐந்தாம் படி: விளையாட்டு அளவோடு

48 நாள் ஒரு மண்டலம் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. அதையே ஒரு லெவலாக வையுங்கள். லெவல் முடிந்ததும் தருகிற பரிசு அந்த வேலையோடு ஒட்டியதாக இருக்கட்டும். முதல் மண்டலம் முடிந்ததும் அவென்யூ ரோட்டுக்குப் போய் குழந்தைகளுக்கான கன்னடக் கதைப் புத்தகம் வாங்கினேன். பிரியாணி என்று வைத்திருந்தால் பிரியாணிக்காகப் படித்திருப்பேன். படம் வரையப் பிடித்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்ததில், பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்தது என்று 1973-இலேயே லெப்பர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். நண்பர்களோடு பாயிண்ட் போட்டி வைப்பதை நான் சொல்லமாட்டேன். பின்தங்குகிறவர் முதலில் விலகிவிடுவார்.

மாதம் முடிந்தால் தாளைக் கிழித்து எறியாதீர்கள். மொத்தத்தை அடுத்த தாளுக்குக் கொண்டுபோய், பழைய தாளைப் பின்னால் செருகிவையுங்கள். எங்கள் வீட்டு ஏப்ரல் தாளில் பதினேழு, பதினெட்டு இரண்டுமே காலி. அம்மாவுக்குக் காய்ச்சல், சோழியும் தீர்ந்திருந்தது. பத்தொன்பதில் வட்டம் இருக்கிறது. அன்று மருந்து வாங்க நின்ற இடத்தில், கடைப் பலகையைப் படித்தேன்.